அப்பா கிளாஸில் ஒரே ஒரு சொல்

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் நின்ற அந்த ஒரு வரியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும். அதற்கு விடாமல் ஒரு மனிதர் வருடக்கணக்கில் என் உயிரை வாங்கினார்.

தில்லைநகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அந்த மனிதர்தான் எங்கள் டீம் லீடர். என்னைவிடச் சற்றே மூத்தவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் சார். சமயபுரத்து லாட்ஜ்களில் அறை பதிவு செய்யும் மென்பொருளைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதத் தொடங்கியவர் அவர். 'அறை' என்று ஒரு அப்பா கிளாஸ், அதாவது எல்லா அறைகளுக்கும் பொதுவான அச்சு. அதன் குணங்களை எல்லாம் வாங்கிக்கொள்ளும் பிள்ளை கிளாஸ்களாக ஏசி அறை, குடும்ப அறை. பதிவு வந்ததும் அறையை உருவாக்கித் தருவதற்கு அப்பாவிடம் ஒரு கிளாஸ் மெத்தட், அதாவது அந்த வேலையைச் செய்யும் சில வரிகள். பிள்ளை வழியாக அதைக் கூப்பிட்டால், கூப்பிட்டது எந்தப் பிள்ளை என்பதைப் பைத்தானே அதன் கையில் கொடுத்துவிடும். அதை வாங்கிப் பயன்படுத்தினால் போதும். மகானுபாவர் அதைக் கண்டுகொள்ளாமல், பிள்ளையின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'அறை' என்று நேராக எழுதி வைத்திருந்தார். யார் எதைக் கேட்டாலும் வெறும் அறைதான் வந்து நிற்கும்.

இதற்கு எங்கள் அலுவலகம் கண்ட வைத்தியம் இருக்கிறதே! ஒவ்வொரு பிள்ளை கிளாஸிலும் அந்த மெத்தடை அப்படியே நகலெடுத்து ஒட்டி, பெயரை மட்டும் மாற்றுவது. எல்லாவற்றையும் பிள்ளை தானே சுமப்பதென்றால் அப்பா எதற்கு? சாரிடம் கேட்டால், "ஓடிட்டு இருக்கறதுல கை வைக்காதீங்க மேடம். அப்பா கிளாஸைத் தொட்டா எல்லாம் படுத்துடும்" என்பார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

படி ஏற முடியாதவர்களுக்காகத் 'தரைத்தள அறை' என்று புதிய கிளாஸ் எழுதும் வேலை என்னிடம் வந்தது. இந்த முறை ஒட்டுவேலை செய்ய மாட்டேன், அப்பாவில் திருத்தினால்தான் இது வேலை செய்யும் என்று சொல்லிவிட்டேன். "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். பார்க்கவில்லை. அப்படியே லாட்ஜுக்கும் போய்விட்டது.

அந்தப் பங்குனியில் முதல் ஆளாகத் தரைத்தள அறை பதிவு செய்தவர் அவரேதான். கைலாசபுரத்தில் இருந்த அவருடைய அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, அம்மனுக்கு வேண்டுதல். போய் இறங்கினால் மூன்றாவது மாடியில் அறை. வெறும் அறைக்கு மாடிக் கணக்கு தெரியாதே. திருவிழாக் கூட்டத்தில் மாற்றித் தர வேறு அறை இல்லை, லிஃப்ட்டும் இல்லை. அப்பாவை முதுகில் சுமந்து ஏறியிருக்கிறார். பாதிப் படியில் பெரியவர், "என்னை இறக்கி விடுடா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அழுதாராம்.

திங்கட்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இதைச் சொன்னவர், அதன்பிறகாவது திருந்துவார் என்று பார்த்தேன். உட்கார்ந்து, தரைத்தள அறையிலும் அதே மெத்தடை ஒட்டினார். "இப்ப சரியா இருக்கு பாருங்க." நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பிறகு அவர் வேறு கம்பெனிக்குப் போனார், அந்த நாற்காலி எனக்கு வந்தது. போன வாரம் அந்தச் சொல்லை மாற்றினேன், ஒட்டுகளை எல்லாம் அழித்தேன். எதுவும் படுக்கவில்லை. இத்தனை வருட எரிச்சலையும் கொட்டித் தீர்ப்பதென்று அவருக்கே போன் செய்தேன்.

"அப்பா கிளாஸை மாத்திட்டேன் சார். ஒண்ணும் விழலை."

"தரைத்தளம் சரியா வருதுங்களா?"

"வருது."

"அன்னைக்கு அப்புறம் சமயபுரத்துக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் அப்பா வரலைங்க. கீழ ரூம்தான்னு சொன்னேன். நீ சொல்றதை நம்ப முடியாதுடான்னுட்டார். ஆடியில தவறிட்டார்."

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "சாப்பிட்டீங்களா சார்?" என்றுதான் கேட்க முடிந்தது.