மணல் மேட்டில் ஒரு தூக்கம்

கொழும்பில் வேலை செய்யும் மகன் கூடாரம் ஒன்று கொண்டுவந்து, நோர்வூட் பக்கத்து நீர்த்தேக்கக் கரையில் என்னையும் மனைவியையும் மகளையும் இரண்டு நாள் தங்க வைத்தான். மறுநாள் காலையில், தண்ணீர் வற்றிய கரையின் மணல் மேடுகளில் நடக்கக் கூட்டிப்போனான். கால் புதையப் புதைய எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

பாதி வழியில் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

“வாங்கம்மா, இன்னும் கொஞ்ச தூரந்தான்” என்றான் மகன்.

“தேயில மலையில கொழுந்து பறிக்கத் தெனமும் ஏறி எறங்குறது பத்தாதா? நீங்க போயிட்டு வாங்க.”

நான் துணைக்கு நின்றேன். மகனும் மகளும் போனதும் அவள் மணலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு முன்னால் எழுந்து, எனக்குப் பின்னால் படுப்பவள். அவள் தூங்கும் முகத்தை நான் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. வெயில் ஏற, கையோடு கொண்டுவந்திருந்த குடையை அவளுக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த மகன், “அம்மா, எந்திரிங்க, பசிக்குது” என்றான்.

வீட்டில் நான் எதையும் மறுத்துப் பேசியதில்லை. “எழுப்பாதடா, நான் ஆக்குறேன்” என்றேன்.

“ஒங்களுக்கு அடுப்புப் பத்தவைக்கத் தெரியுமாப்பா?”

“தெரியாது. நீ குடையப் புடி.”

அன்று சோறு குழைந்துபோனது. அவள் அதையே சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் களைத்துப்போகிறவன் நான் மட்டுந்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.