செக்ரட்டேரியட்டுக்குப் பின்னால் வந்தவை

நாங்கள் குடியேறிய டண்டினொங்கில் இப்போது ஃபோன் கடையாகிவிட்ட அந்த இடத்தைக் கடக்கையில், யாரிடமிருந்தோ முகப்பவுடர் மணக்க, சிவம் அங்கிளின் சலூனும், கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே அங்கே ஓயாமல் ஓடிய வீடியோக் கசெட்டும் நினைவுக்கு வந்துவிட்டன. செக்ரட்டேரியட் என்ற செந்நிற அமெரிக்கக் குதிரை, மற்றக் குதிரைகளை எங்கோ பின்னால் விட்டுவிட்டுத் தன்னந்தனியாக ஓடிவந்து வெல்லும் பழைய பந்தயம் அது. சலூனே கைதட்டும், அங்கிள் மட்டும் அப்பாவின் பிடரியில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அதுதான் வெண்டிட்டுதே அங்கிள், நிப்பாட்டுங்கோவன்" என்பேன், காத்திருந்து அலுத்துப்போய்.

"பொறு பிள்ளை, மற்றதுகளும் வந்து சேரட்டும்."

கடைசிக் குதிரையும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கத்தரிக்கோல் மறுபடி அசையும். அங்கிள் வவுனியாவில் விட்டுவந்த அன்ரிக்கும் பிள்ளைகளுக்கும் அப்போது விசா வந்திருக்கவில்லை.