தோள் பெல்ட்டில் நான் போட்ட தையல்

விமானம் இறங்கும்போது நான் ஷெட் வாசலில் நின்றிருந்தேன். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மூர்க்கமாக அடிக்கிற காலம். சக்கரம் புல்லைத் தொட்டதும் பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தது. ஒரு இறக்கை எழும்பியது, மற்றதன் நுனி தரையை உழுதது. வண்டி அரைவட்டம் சுற்றி மூக்கைக் குத்தி நின்றது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மீனாட்சிபுரத்துக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலத்தில், தேயிலைக் கம்பெனி ஒன்றின் இரண்டு சீட் விமானத்துக்கு நான் ஒருவன்தான் மெக்கானிக். குடியிருப்பும் ஷெட்டிலேயே. திங்களும் வியாழனும் கல்பாத்தியிலிருந்து பைலட் ராமசேஷன் பஸ்ஸில் வருவார். மலை எஸ்டேட்டுக்குத் தபாலும் மெஷின் பாகங்களும் கொண்டுபோய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்புவார். பிறகு ஒரு மணி நேரம் காப்பி குடித்தபடி என்னோடு பேசிக்கொண்டிருப்பார். மற்ற ஐந்து நாளும் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது.

விபத்துக்குப் பத்து நாள் முன்பு, பைலட் சீட்டின் இடது தோள் பெல்ட்டில் பக்கிள் அருகே தையல் விட்டிருப்பதைப் பார்த்தேன். புது பெல்ட் மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும். எழுதிப் போட்டேன். அது வரும்வரை விமானத்தை நிறுத்தி வைப்பதுதான் முறை. நிறுத்தினால் அவர் வரமாட்டார்; மாதக்கணக்கில்கூட ஆகலாம். சாக்கு தைக்கிற ஊசியால் நானே இறுக்கித் தைத்து, பழுதுகளைப் பதியும் லாக் புக்கில் 'பெல்ட் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அன்று விமானம் மூக்கைக் குத்தி நின்றதும் ஓடிப்போய் முதலில் சுவிட்சை அணைத்தேன், பெட்ரோலை அடைத்தேன். என் தையல் பிரிந்து கிடந்தது. ராமசேஷனின் முகம் எதிரே மீட்டர்கள் இருக்கும் பேனலில் மோதியிருந்தது. பக்கத்துக் காட்டில் உழுதுகொண்டிருந்த பழனிச்சாமி ஓடி வந்தார்.

"ஏனுங்க, உசுரு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. காலப் புடிங்க, மெதுவா."

மாட்டுவண்டியில் ரோடு வரைக்கும், அங்கிருந்து லாரியில் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். உயிர் தப்பியது. இடது கண் போய்விட்டது.

என்கொயரிக்கு ஒரு அதிகாரி வந்தார். ஷெட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து, "காத்துதான் காரணம். பெல்ட்டும் அந்த அடியிலே அறுந்திருக்கு. அப்படியே எழுதிக்கலாமா?" என்று கேட்டார். தலையாட்டினால் போதும், முடிந்துபோயிருக்கும்.

"இல்லீங்க. அது முன்னயே விட்டுப்போச்சுங்க. நாந்தான் தெச்சுப் போட்டு சரின்னு எழுதினேன். வண்டி கவுந்ததுக்குக் காத்து காரணமுங்க. அவரு கண்ணு போனதுக்கு நான்."

அதிகாரி நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். மறுவாரமே வேலை போய்விட்டது.

ஊரைவிட்டுப் போகுமுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ராமசேஷன் கட்டுப் போட்ட முகத்தோடு கேட்டார்: "ஏண்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்களேன்னுதானுங்க."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லியிருந்தாலும் நான் பறந்திருப்பேனோ என்னமோ. ஆனா அன்னிக்குக் காத்தைப் பாத்ததும், பெல்ட் இப்படி இருக்கே, வேண்டாம்னு தோணியிருக்கும். அப்படி யோசிக்கறதுக்கே நீ வழி விடலையே."

அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

சில வருஷம் கழித்து வேறொரு ஊரில், பறக்கும் பயிற்சி தரும் இடத்தில் மெக்கானிக் வேலை கிடைத்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களால் சரிசெய்ய முடியாததைப் புத்தகத்தில் எழுதுங்கள்; எழுதியதோடு விடாமல் பைலட்டின் முகத்தைப் பார்த்து வாயால் சொல்லுங்கள். கோபப்படுவார்கள். ஒரு நாள் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்று, விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்ட பைலட் ஒருவரிடம் சொன்னேன். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று சிடுசிடுத்தார். ஆனாலும் யோசித்துவிட்டுக் கீழே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் முழுக்க ஹேங்கர் கொட்டகையில் நானும் அந்த விமானமும் மட்டும்தான். நிம்மதியாகச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தேன்.