கருந்துளைக்கு எள் விளக்கு

மகள் ஆராய்ச்சிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்த நாளிலிருந்து, எந்த மணி அடித்தாலும் ஓடிப்போய்ப் போனைப் பார்க்கிறேன். வில்லாபுரத்து வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்துவிட்டோம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. தூக்கமும் சாப்பாடும் இல்லாததுதான் காரணம் என்றார்கள். திரும்பிப் போய்க் கருந்துளை பற்றிய பிஎச்.டி.யை முடிக்கப் போகிறாளா, விட்டுவிடப் போகிறாளா என்பதை மட்டும் அவள் வாய் திறந்து சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் கேட்டிருந்தார்.

என் அண்ணனோ காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார். "பேரே கருந்துளை. வருசக்கணக்கா அதையே பாத்துக்கிட்டிருந்தா சனி பிடிக்காம என்ன செய்யும்? திருவாதவூர்க் கோயில்ல போயி சனிக்கு எள் விளக்கு போடுவோம்."

"அண்ணே, அவ அதைக் கண்ணால பாக்கல. கம்ப்யூட்டர்லதான் கணக்குப் போடுறா."

"அம்புட்டு தூரத்துல கெடந்ததை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சா இன்னும் மோசம்லம்மா."

வேதியியல் படித்தவள் நான். ஆனாலும் சனிக்கிழமை காலை அவர் காரில் ஏறி உட்கார்ந்தேன். மகளும் மறுக்காமல் வந்தாள். அதுதான் எரிச்சலாக இருந்தது. முன்பெல்லாம் இதற்கு வீடே அதிரச் சண்டை போட்டிருப்பாள்.

ஒத்தக்கடை தாண்டியதும் அண்ணன் கேட்டார். "ஏம் பாப்பா, அந்தக் கருந்துளை எதைத்தான் திங்கும்?"

"வாயு, தூசி, கிட்ட வர்ற நட்சத்திரம். பெரிய கேலக்ஸி எல்லாத்துக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும் மாமா. கேலக்ஸியோட பாத்தா அது ரொம்பச் சின்னது. ஆனா கேலக்ஸியோட நடுப்பகுதி பெருசா இருந்தா அதுவும் பெருசா இருக்கு."

"அப்ப ரெண்டும் பேசி வச்சு வளருது."

"அப்படித்தான் நெனச்சோம். அது திங்கும்போது சுத்தி பயங்கர சூடு. அந்தச் சூடு வாயுவைத் தள்ளிவிட்டுரும். வாயு இல்லைன்னா புது நட்சத்திரம் பிறக்காது, அதுக்கும் தீனி இல்ல. ரெண்டும் நின்னுரும்."

"உங்க அத்தை அடுப்படில நிக்கிற மாதிரி. அவ சூட்டுக்கு ஒருத்தன் கிட்டப் போக முடியாது. கடைசியில அவளுக்கும் சோறு இருக்காது."

அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபின் முதல் சிரிப்பு. நான் ஆக்கிப் போட்ட எதற்கும் வராதது, அண்ணனின் ஒரு கேலிக்கு வந்துவிட்டது.

"நெனச்சோம்னா? இப்ப இல்லையா?" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். கேலக்ஸிகள் மோதி ஒன்றுசேர்ந்துகொண்டே வந்தால் போதுமாம். கருந்துளை எதையும் கட்டுப்படுத்தாமலே இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்துக்கு வந்துவிடலாமாம். கருந்துளைதான் கேலக்ஸியின் வளர்ச்சியை நிறுத்தியது என்று காட்டத்தான் இவள் உழைத்திருக்கிறாள். இவள் சேர்த்த தரவில் அது தெரியவில்லை.

"இதுக்கா சாப்பிடாமக் கெடந்த?"

"எங்க தப்புப் பண்ணேன்னு தேடினேம்மா. தப்பே இல்ல."

கோயிலில் எள்ளைக் கறுப்புத் துணியில் முடிந்து, நல்லெண்ணெயில் நனைத்து ஏற்றினாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சொன்னாள். "நான் திரும்பிப் போறேன்மா."

"பாத்தியா," என்றார் அண்ணன், விளக்கு வேலை செய்துவிட்ட பெருமையில்.

"அதுக்கில்ல மாமா. தெரியலைங்கிறதையாவது எழுதி முடிக்கணும்."

தெரியவில்லை என்று எழுதுவதற்கு என் பிள்ளை மறுபடி அங்கே போக வேண்டுமா? கோபத்தோடு சொன்னேன். "நானும் கூட வாரேன்."

"வேணாம். வேணும்னா தெனமும் சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து அனுப்புறேன்."

"காலித் தட்டையும் அனுப்பு."

"அதை நான்தான் காலி பண்ணேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கருந்துளை பற்றிய அதே கேள்வியை விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அண்ணன் சிரித்தார். நான் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.