ஆனைக்கசத்தில் அறுந்த கயிறு

03.05.1994 – ரூ. 30
11.02.2009 – ரூ. 250
13.11.2022 – ரூ. 500
21.11.2022 – இல்லை

முதல் தொகை, பதினாறு வயதில் மிக்கேல்ராஜ் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மூழ்கி, மோட்டார்க் குழாயிலிருந்து கழன்று அடியில் கிடந்த ஃபுட்வால்வை மேலே கொண்டுவந்து வாங்கிய கூலி. இரண்டாவது, அவன் கல்யாணத்தன்று உடைந்த பல்லைப் பிடுங்க ஆன செலவு. மூன்றாவது, மீன் வறுவல் கடை சின்னக்கண்ணு கொடுக்க மறுத்த பணம். அதற்காகத்தான் அவனைக் கொன்றார்கள். நான்காவது தேதியில் மிக்கேல்ராஜ் செய்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை. அந்த நாளைச் சொல்வதற்கு மற்ற மூன்றையும் சொல்லியாக வேண்டும்.

ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் விழுந்தாலும் மாடு விழுந்தாலும் மிக்கேல்ராஜைத்தான் கூப்பிடுவார்கள். அவன் அப்பாவும் கிணற்றில் மூழ்கியவர்தான். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூழ்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடித்தால் பாகம் பிரிக்கிற நினைப்பு வரலாம். சிநேகிதன் பிடித்தால் பீடி பற்றவைக்கக் கையை விடலாம். மச்சினன் விடமாட்டான். விட்டால் தாலி அறுப்பது அவன் கூடப்பிறந்தவள்.

மிக்கேல்ராஜின் மச்சினன் அருள்நாதன். தன் அக்கா இளவேனிலை ஒரு கிணறு மூழ்கிக்குக் கொடுப்பதில் அவனுக்குத் துளியும் சம்மதம் இல்லை. கோயிலில் மோதிரம் மாற்றும்வரை பொறுத்துக்கொண்டு, பந்தியில் இரும்பு நாற்காலியைத் தூக்கி மாப்பிள்ளையின் வாயில் அடித்தான். மாப்பிள்ளை சாம்பார் வாளியால் திருப்பி அடித்தான். இரண்டு பேருக்கும் தையல் விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை மிக்கேல்ராஜ் வேலைக்குப் போன கிணற்றடியில் அருள்நாதன் வந்து நின்று கையை நீட்டினான்.

"கயித்தக் குடு மச்சான். உன்மேல பிரியம்னு நெனச்சுக்காத. எங்க அக்காவுக்காகப் பிடிக்கிறேன்."

பதின்மூன்று வருடம் பிடித்தான். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு இழுப்பு என்றால் கயிறு விடு. மூன்று இழுப்பு என்றால் தூக்கு. இந்த மூன்றைத் தவிர அவர்கள் இருவரும் வேலை நேரத்தில் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ஆனைக்கசம் மலையடிவாரத்தில் அருவி விழுந்து பறித்த மடு. ஞாயிற்றுக்கிழமையானால் திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேனில் வந்து குவிவார்கள். மேற்பரப்பில் குளிக்கலாம், பத்தடிக்குக் கீழே மலைத்தண்ணீர் எலும்பைக் கவ்வும். அங்கே வண்டி நிறுத்த டோக்கன் போடும் சோலைமுத்து, சாலையோரக் கடைகளிலும் வாரம் ஐந்நூறு ரூபாய் பிடுங்கிக்கொண்டிருந்தான். 13.11.2022 ஞாயிறன்று சின்னக்கண்ணு கொடுக்கவில்லை. "மீன் விக்கிறது நானு, முள்ளு எண்ணுறது நீயா?" என்று ஆட்கள் முன்னால் கேட்டுவிட்டான். சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் அவன் முகத்தைக் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் அழுத்தினார்கள். அலறிக்கொண்டு ஓடியவனைப் பாறைமேல் வைத்து வெட்டி மடுவுக்குள் தள்ளினார்கள். பார்த்த டீக்கடைக்காரர் மறுநாளே கடையைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார். "கடன்காரப் பய, எவளோடயோ ஓடிட்டான்" என்றான் சோலைமுத்து. உடல் கிடைக்காததால் வழக்கு நகரவில்லை. போலீஸ் இரண்டு நாள் மடுவில் கொக்கி போட்டுத் துழாவியதில் ஒரு செருப்புதான் வந்தது.

சின்னக்கண்ணுவின் மனைவி சிவனம்மாள் மிக்கேல்ராஜ் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"அண்ணே, எரிக்கிறதுக்கு ஒரு உடம்பு வேணும். ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு எங்கிட்டயே சொல்லுறாய்ங்க."

அறுபதடி ஆழத்தில், அந்தக் குளிரில், மூச்சடக்கி எவனாலும் தேட முடியாது. மிக்கேல்ராஜ் முன்பு தூத்துக்குடியில் இரண்டு வருடம் கப்பலடியில் பாசி சுரண்டும் வேலை பார்த்தபோது, காற்று சிலிண்டர் கட்டி முங்கக் கற்றிருந்தான். கற்றுக்கொடுத்த டோனிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நம்ம கடல் மாதிரி நெனச்சுராதீங்க" என்றான் டோனி. "குளிர்ல காத்து மளமளன்னு தீரும். மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர. மூணாம் பங்கு உங்களுது இல்ல, அதத் தொடாதீங்க. சிலிண்டரும் தடிச்ச ரப்பர் சட்டையும் அனுப்புறேன். சட்டை மெதக்கும், ஈயம் கூடக் கட்டணும். மேல வரும்போது உங்க மூச்சுக் குமிழிய நீங்க முந்தக் கூடாது. முந்தினா நெஞ்சு வெடிச்சிரும்."

போலீஸிடம் சொல்லித் தேதி குறித்தார்கள்: 21ஆம் தேதி திங்கள் காலை. ஞாயிறு என்றால் குளிப்பவர்கள் கலக்கிவிட்ட சேற்றில் கை தெரியாது. திங்கள் விடியலில் தெளிந்திருக்கும். ஜீப் ஒன்பது மணிக்கு வரும் என்றார்கள்.

மிச்சம் இருந்தது விரல். குளிரில் விரல் மரத்தால் உடலில் கயிற்றைக் கட்ட முடியாது. மிக்கேல்ராஜ் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போய், மல்லிகைப் பெட்டிக்குப் போடும் ஐஸை ஒரு வாளி வாங்கி, அதற்குள் கையை விட்டு முடிச்சுப் போட்டுப் பழகினான்.

"யாருக்கு மச்சான் மால கட்டுற?" என்றான் அருள்நாதன்.

"உனக்குத்தான் மாப்ளே. நாற்காலி தூக்குன கைக்கு."

வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லில் நைலான் கயிறு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் சந்தில் சோலைமுத்துவும் இரண்டு ஆட்களும் மறித்தார்கள். முதல் அடி இரும்புக் குழாயால் விலாவில் விழுந்தது. மூச்சு திரும்புவதற்குள் அடுத்தது. கீழே விழுந்தவனின் முகத்தைச் சாக்கடைக் கல்லில் இரண்டு முறை மோதினார்கள். கயிற்றுக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார்.

"தண்ணி ரொம்பக் குளிருமாம்லடா" என்றான் சோலைமுத்து. "அதான் சூடேத்தி அனுப்புறோம். எந்த வெரலுடா முடிச்சுப் போடும்? இதா?"

இடது கையைத் தரையில் விரித்துப் பிடித்துக் குழாயின் முனையால் குத்தினான். நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கின.

இளவேனில் விரல்களில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "ஏலே, இவரு போனா நானே கயித்த அறுத்து விட்டுருவேன், சொல்லு."

"நீ சொல்லி என்னைக்குக் கேட்டாரு? நான் சொல்லித்தான் உன்னக் கட்டாம விட்டாரா?" என்றான் அருள்நாதன். பிறகு லாரியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டும் இரும்புக் கொக்கி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். முடிச்சு வேண்டாம், ஒரு கையாலேயே மாட்டிவிடலாம்.

திங்கள் விடிந்தபோது மலைமேல் மேகம் கறுத்துக் கிடந்தது. மேலே மழை கொட்டினால் ஒரு மணி நேரத்தில் வெள்ளம் இறங்கி மடுவையே புரட்டிவிடும்; அப்புறம் உடல் எந்த ஊர் வாய்க்காலில் ஒதுங்குமோ. ஜீப் வரட்டும் என்று காத்திருக்கலாமா என்று மிக்கேல்ராஜ் கேட்டான். "மழ வந்து நின்னுக்கிட்டு இருக்கு மச்சான்" என்றான் அருள்நாதன். காத்திருக்கவில்லை. அதுதான் அவர்கள் செய்த பிழை.

இரண்டு கயிறு. ஒன்று உயிர்க்கயிறு: ஒரு முனை மிக்கேல்ராஜின் இடுப்பில், மறுமுனையை அருள்நாதன் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருந்தான். மற்றொன்று உடலுக்கானது: ஒரு முனை கரையிலிருந்த மருத மரத்தில், கொக்கி மிக்கேல்ராஜ் கையில்.

முதல் இருபதடியில் பல் கிட்டித்தது. நாற்பதில் உடைந்த விரல்களின் வலி நின்றுபோனது, விரல்களும் நின்றுபோயின. ஒவ்வொரு மூச்சும் முறிந்த விலாவில் கத்தியாக இறங்கியது. அடியில் யானை முதுகு போல் ஒரு பாறை முன்னால் நீண்டு குடைந்திருந்தது. டார்ச் வெளிச்சம் அந்தக் குடைவுக்குள் போனபோது முதலில் ஒரு ஆட்டுக்கல் தெரிந்தது. அதைச் சுற்றிச் சங்கிலி. சங்கிலியின் மறுபுறம் சின்னக்கண்ணு. எண்ணெய் தின்ற முகத்தை மீன்களும் தின்றிருந்தன.

மிக்கேல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டு குடைவுக்குள் நுழைந்து, சங்கிலியில் கொக்கியை மாட்டினான். அப்போது உடல்கயிறு தளர்ந்தது. தளர்ந்தது மட்டுமல்ல, சுருள் சுருளாக மேலிருந்து இறங்கி அவன் தலையில் விழுந்தது. முனையை வெளிச்சத்தில் பார்த்தான். ஒரே வெட்டு. அரிவாள் வெட்டு.

உயிர்க்கயிறு ஒரு முறை இழுபட்டது. பிறகு ஒன்றும் இரண்டும் மூன்றும் இல்லாத ஓர் உதறல். அப்புறம் நடுக்கம். மேலே ஓர் உடம்பு வெட்டு வாங்குவதை அறுபதடிக் கயிறு அப்படியே கொண்டுவந்து அவன் இடுப்பில் இறக்கியது. ஆனால் கயிறு தளரவில்லை. இறுகியபடியே இருந்தது.

அவனுக்கு விளங்கிவிட்டது. கயிற்றை விட்டால் அருள்நாதன் ஓடலாம், அடிக்கலாம். அவன் விடவில்லை. விடவும் மாட்டான். அடிவாங்கிச் சாவான். உதவிக்கு விரைந்து மேலே போனால் இவன் நெஞ்சு வெடிக்கும், இருவரும் சாவார்கள். குடைவிலிருந்து வெளியே வழி காட்டக் கலங்கலில் அந்தக் கயிற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மிக்கேல்ராஜ் கெண்டைக்காலில் கட்டியிருந்த கத்தியை உருவி இடுப்புக் கயிற்றை அறுத்தான்.

அறுந்த முனை சேற்றைக் கிளப்பிக்கொண்டு பாம்பாக மேலே ஓடியது. டார்ச் வெளிச்சம் ஒரு சாணுக்கு மேல் போகவில்லை. உடல்கயிற்றின் வெட்டுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு பாறையைத் தடவினான். தலை இரண்டு முறை குடைவின் கூரையில் மோதியது. காற்றுமானியின் முள் டோனி தொடாதே என்ற பங்குக்குள் இறங்கியிருந்தது. முகத்தில் பட்ட குமிழி எந்தப் பக்கம் நழுவுகிறதென்று பார்த்து, அந்தப் பக்கமாகவே ஊர்ந்தான். வெளியே வந்ததும் குமிழியின் பின்னாலேயே மெதுவாக ஏறினான். மேலே மச்சினன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல், மூச்சை விட்டு விட்டு மெதுவாக ஏறியதுதான் தன் வாழ்நாளில் பட்ட பெரிய அடி என்று பிற்காலத்தில் சொன்னான்.

தண்ணீர் மேலே சிவப்பாக இருந்தது.

கரையில் சோலைமுத்து மல்லாந்து கிடந்தான், மண்டை பிளந்திருந்தது. ஒரு கால் தண்ணீரில் ஆடியது. கூட வந்த இருவரில் ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் ஓடிக்கொண்டிருந்தான், மற்றவனைக் காணோம். அருள்நாதன் கடப்பாரையை ஊன்றி நின்றான். இடது காது இல்லை. தோளில் எலும்பு தெரிந்தது. கயிறு தளர்ந்த கணத்தில் கையில் கிடைத்த கடப்பாரை அது. இரண்டே அடிதான் அடித்திருந்தான்.

மிக்கேல்ராஜ் தவழ்ந்து கரையேறி முகமூடியைக் கழற்றினான். அருள்நாதன் கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்து அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். மறுபடியும் அறைந்தான். விழுந்தவனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான்.

"கயித்த ஏன்டா அறுத்த? நான் விட்டுருவேன்னு நெனச்சயாடா? பதிமூணு வருசம் பிடிச்சவன்டா நானு!"

ஜீப் வந்தபோது போலீஸ்காரர்கள் மிக்கேல்ராஜ் மேலிருந்து அருள்நாதனைத்தான் முதலில் பிரித்து எடுத்தார்கள். பிறகு மிக்கேல்ராஜின் கையில் சுற்றியிருந்த கயிற்றை ஆறு பேர் பிடித்து இழுத்தார்கள். சின்னக்கண்ணு வந்தான். ஜீப்பில் கூட வந்திருந்த சிவனம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாயை நீட்டினாள். மிக்கேல்ராஜ் வாங்கவில்லை.

அருள்நாதனை மதுரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீன் இரண்டு முறை கிடைக்கவில்லை. மனுக் கொடுத்துப் பார்க்கப் போன மிக்கேல்ராஜை அருள்நாதன் நான்கு முறை பார்க்க மறுத்துத் திருப்பி அனுப்பினான். வீட்டில் இளவேனிலும் சோற்றைப் போடுவாள், தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தைத் தள்ளி வைப்பாள், வாய் திறக்கமாட்டாள். ஐந்தாம் முறை கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அருள்நாதன் வந்து நின்றான். காதில்லாத பக்கத்தைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

"சொல்லு. விட்டுருவேன்னுதான நெனச்ச?"

"நீ விடமாட்டேன்னு தெரியும். அதனாலதான்டா அறுத்தேன்."

அருள்நாதன் முகத்தை நேராகத் திருப்பி வலையைப் பிடித்தான்.

"நான் வாரவரைக்கும் எவன் கிணத்துலயும் எறங்காத" என்றான். "வேற எவன்கிட்டயும் கயித்தக் குடுத்த, மிச்சப் பல்லும் இருக்காது."

மிக்கேல்ராஜ் இறங்கவில்லை. தோட்டக்காரர்கள் காரோடு வந்து கூப்பிட்டார்கள். நாங்களே கயிறு பிடிக்கிறோம் என்றார்கள். அவன் நிலக்கோட்டையில் பூப்பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனான். கோணிப்போன இரண்டு விரலோடு ஐஸ் அள்ளினான். சிறையிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். இளவேனில் படித்துச் சொல்வாள். அப்படித்தான் அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள்.

கடைசிக் கடிதத்தில் இரண்டே வரி. ஜாமீன் ஆகிவிட்டது, திங்கட்கிழமை வாரேன். பழைய கயிறு வேண்டாம், புதுசு வாங்கி வெயிலில் போட்டு வை. அது வந்து சேர்ந்த தேதி 22.03.2024.