குழியா, கழியா: ஒரு கல்லைப் பார்க்கப் போன கதை

இந்தப் பயணம் நானாக ஆசைப்பட்டுக் கிளம்பியது இல்லை. அலுவலகத்தில் என் தலையில் கட்டினார்கள். இந்த வலைப்பதிவைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நிலத்தை அளப்பது, வரைபடம் போடுவது, தகராறு என்று மனு வந்தால் இடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது என் பிழைப்பு. வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து யாரையாவது அழைத்துப் பேச வைப்பார்கள். பெரும்பாலும் மன அழுத்தம், மூச்சுப் பயிற்சி என்று உட்கார்ந்தபடியே தூங்க வைக்கிற தலைப்பாகத்தான் இருக்கும். இந்த பிப்ரவரியில் அதிசயமாக ஒரு வரலாற்றுப் பேராசிரியரைப் பிடித்திருந்தார்கள்.

எழுபத்தொரு வயதுப் பெண்மணி. கல்வெட்டு விஷயத்தில் அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்கிற அளவுக்குப் பெயர். தலைப்பு, அந்தக் காலத்து நில அளவை. பேச்சு மாலை மூன்று மணிக்கு. அதற்கு முன்னால், மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கும் கல்வெட்டை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தார். "அந்தப் பக்கம் உங்களுக்குத்தானே பழக்கம், நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார் எங்கள் அதிகாரி. பழக்கம்தான். அதனால்தான் எனக்குப் போக மனமில்லை.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் குப்பத்தை ஒட்டி ஒரு கழி இருக்கிறது. கடல் உள்ளே வந்து போகும் உப்புநீர் ஓடை. புயல் என்றால் குப்பத்துப் படகுகள் எல்லாம் அதற்குள்தான் ஒதுங்கும். அதன் கரையை வேலி போட்டு வளைக்க ஒரு தனியார் தரப்பு முயன்றது. கரை எங்கள் படகுத்துறை, அப்படியே பதிவு செய்யுங்கள் என்று குப்பத்தார் மனு கொடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதியவன் நான். எதிர்த்தரப்பு நீட்டிய புத்தகப் பக்கத்தில், அங்கே உள்ள கல்வெட்டில் 'குழி' என்ற அளவுச் சொல் இருக்கிறது, ஆகவே அது அந்தக் காலத்திலேயே அளந்து கொடுத்த விளைநிலம் என்று இருந்தது. அதை அப்படியே எடுத்துப் போட்டு, 'படகுத்துறை இருந்ததற்குச் சான்று இல்லை' என்று முடித்தேன். மனு படுத்துவிட்டது. அந்தப் புத்தகத்தை எழுதியவர்தான் இந்தப் பேராசிரியர்.

வியாழக்கிழமை காலை கூடுவாஞ்சேரியில் 5.55 மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய். செங்கல்பட்டில் இறங்கி, தெற்கிலிருந்து வரும் விரைவு ரயிலுக்காக நின்றேன். இருபது நிமிடம் தாமதமாக 7.10-க்கு வந்தது. ஒரு தோள்பை, ஒரு குடை, கையில் தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான் பேராசிரியர். பையை வாங்கப் போனேன். "அதுல என் கண்ணாடி இருக்கு, நானே வச்சுக்கறேன்" என்றார்.

வாடகை வண்டி ஓட்டி வந்தவர் அன்வர் பாய். புதுப்பட்டினத்துக்காரர், கடற்கரைச் சாலையில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. நாள் வாடகை 2,800 ரூபாய், டீசல் உட்பட. "நாஸ்தா முடிச்சிக்கினு போலாம் சார், அந்தாண்ட ஒண்ணும் கெடைக்காது" என்றார். திருக்கழுக்குன்றம் 14 கிலோமீட்டர், அங்கே மூன்று பேருக்குப் பொங்கலும் வடையும் காபியும் 240 ரூபாய். அங்கிருந்து மாமல்லபுரம் 15 கிலோமீட்டர். சிற்பங்களைப் பார்க்கலாமா என்று ஒப்புக்குக் கேட்டேன். "அது எங்கயும் போகாது, முதல்ல கல்லு" என்றார் பேராசிரியர். தெற்கே ஏழு கிலோமீட்டர் ஓடி, இடதுபுறம் மண்சாலையில் திரும்பினோம். மணி 9.20.

குப்பத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும். வண்டி நின்றதும் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். கன்னியப்பன். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னா சார், நீதான ரெண்டு வருசம் மின்னாடி டேப்பு புட்ச்சினு வந்த?"

ஆமாம் என்றேன். மேலே ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்காமல் கழிக்கரைக்கு எங்களை அழைத்துப் போனார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கல் இடுப்பளவு உயரம், கரையில் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. மேல்பாதி உடைந்து போயிருக்கிறது. பேராசிரியர் இதை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். பதினெட்டு வருடத்துக்கு முன் அவருடைய மாணவர் ஒருவர் ஈரத் தாளை ஒட்டி, மை தடவி எடுத்து வந்த படியைப் பார்த்துத்தான் படித்தாராம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்வெட்டுக்காரர்கள் கல்லைத்தான் படிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவர் குடையை விரித்து என்னைப் பிடிக்கச் சொன்னார். அன்வர் பாயிடம் செல்போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து அடிக்கச் சொன்னார். ஒளி சாய்வாக விழுந்ததும் பள்ளங்கள் நிழல் கட்டி எழுந்து நின்றன. மூன்றாவது வரியில் அந்தச் சொல். 'க'வுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு வளைவு. அந்த வளைவு இருந்தால் 'கு', இல்லாவிட்டால் வெறும் 'க'. விரலை வைத்து மெதுவாகத் தடவினார். அங்கேயே நிறுத்தினார். மறுபடி தடவினார்.

பின்னால் நின்ற கன்னியப்பன் சாதாரணமாகச் சொன்னார்: "அது எழுத்தில்ல மேடம். கவுறு தேஞ்ச எடம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து போட்டு எல்லாம் இதுலதான் கட்டிக்கினு கீறோம். பின்னாடி வந்து பாரு, சுத்திக்கினு போவும்."

பேராசிரியர் எழுந்து பின்பக்கம் போனார். நானும் குடையோடு போனேன். அந்த வளைவு கல்லின் விளிம்பைத் தாண்டி, முதுகைச் சுற்றி, மறுபக்கம் வழியாக முன்னால் வந்து சேர்ந்தது. அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் இரண்டு தடம். எந்தச் சிற்பியும் ஓர் எழுத்தைக் கல்லின் முதுகு வரைக்கும் இழுக்கமாட்டான்.

"கழி," என்றார் பேராசிரியர். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை. "குழி இல்ல. கழி."

"இத்த நாங்க கழின்னுதான மேடம் சொல்லிக்கினு கீறோம்" என்றார் கன்னியப்பன். அவருக்கு என்ன நடந்தது என்று இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. படகுத்துறைக்குச் சான்று இல்லை என்று நான் எழுதினேனே, அந்தச் சான்றையே எழுத்தென்று படித்து அவர்களுக்கு எதிராக வைத்திருக்கிறோம். அவமானமாக இருந்தது. கன்னியப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் குடையை மடக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பேராசிரியர் அவரிடம் நேராகவே சொன்னார். "நான் ஒரு புத்தகம் எழுதினேன்ப்பா. அதுல இந்த இடத்தத் தப்பாப் படிச்சிட்டேன்."

கன்னியப்பன் கழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "போன மழைக்கு வேலிக்காரன் உள்ள வுடல. ரெண்டு போட்டு ஒடஞ்சிபோச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆவல, அது வரைக்கும் பொழச்சோம்" என்றார்.

திரும்பும்போது கல்பாக்கம் பக்கமாக வந்தோம். கடற்கரைச் சாலையில் எட்டு கிலோமீட்டர், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் 16, செங்கல்பட்டு 14. ஒன்றேகால் மணி நேரமும் பேராசிரியர் செல்போனில் எடுத்த கல்லின் படங்களையே பெரிதாக்கிப் பார்த்தபடி வந்தார். என் குறிப்பைப் பற்றி அவரிடம் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் ஏசியைக் குறைக்கட்டுமா என்றுதான் கேட்டேன். கோழை என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

மதியச் சாப்பாட்டின்போது பேராசிரியர் அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, "மேடம், அந்த இடம் தகராறுல இருக்கு. நீங்க பொதுவாப் பேசிட்டுப் போங்களேன், எதுக்கு வம்பு" என்றார். பேராசிரியர் எழுந்து கை கழுவப் போனார்.

மூன்று மணிக்குத் தொடங்கிய பேச்சு நாற்பது நிமிடம் அளவுகோல், வரி, எல்லைக்கல் என்று அழகாகப் போனது. பிறகு திரையில் காலையில் எடுத்த படத்தைப் போட்டார். "இதை நான் குழி என்று படித்து அச்சிலும் போட்டேன். அது பிழை. கழி என்றே இருக்கிறது. நான் எழுத்து என்று நினைத்தது படகுக் கயிறு தேய்த்த தடம். என் புத்தகத்தை நம்பி யாராவது முடிவு எடுத்திருந்தால் அதை மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்" என்றார். அரங்கில் எண்பது பேர் இருந்தோம். அதிகாரி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடை, நினைவுப்பரிசு, கைதட்டல். முடிந்தது என்றுதான் எல்லோரும் கலைந்தோம்.

பயணக் குறிப்புகளை இங்கேயே கொடுத்துவிடுகிறேன், கடைசியில் அதற்கு மனம் இருக்காது. மொத்தச் சுற்று சுமார் 75 கிலோமீட்டர். பேருந்தில் போவதானால் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து கல்பாக்கம் வண்டி பிடிக்கலாம். பத்து மணிக்குள் கடற்கரையை முடித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் மணல் சுடும். மீனவக் குப்பங்களில் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கல்வெட்டு கண்ணில் பட்டால் மாவு, சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே போதும். அந்த ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

இனி அன்று மாலை 5.20. பேராசிரியரை ரயிலுக்கு அழைத்துப் போகத் தேடினால் ஆளைக் காணோம். தபால் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். அரங்கில் சொன்னதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்ட முத்திரை கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்த எழுத்தர் திகைத்துப் போயிருந்தார். "எந்தக் கோப்பு மேடம்? ந.க. எண் இல்லாம எடுத்தா பொதுக் கட்டுலதான் போவும்" என்றார்.

பொதுக் கட்டில் போனால் என்ன ஆகும் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அலமாரிக்கு மேலே ஏறும், பிறகு யாரும் இறக்கமாட்டார்கள். ந.க. எண், அதாவது கோப்பின் பதிவு எண், இருந்தால் அந்தக் கோப்பிலேயே சேர வேண்டும், சேர்ந்தால் யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும். அந்த எண் கன்னியப்பனிடம் உள்ள பழைய மனு ரசீதில் இருக்கும். அந்த அறையில் எனக்கு மட்டும் மனப்பாடம்.

பேனாவை வாங்கி, தாளின் மேல் மூலையில் எண்ணை எழுதினேன். எழுத்தர் முத்திரையைக் குத்தினார்.

"இந்த நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"உங்க புத்தகத்தப் பாத்து அந்தக் குறிப்ப எழுதினது நான்தான் மேடம்."

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. "எழுதும்போது கல்லப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"நானும் பாக்கல" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இதை எழுதும்போது கோப்பு மறுபடி திறந்திருக்கிறது. அடுத்த மாதம் விசாரணை. கன்னியப்பனுக்கும் எனக்கும் ஒரே நாளில் நோட்டீஸ் வந்திருக்கிறது. தீர்ப்பு எப்படிப் போகும் என்று தெரியாது. ஐந்து நிமிடம் நடந்திருந்தால் கல்லைப் பார்த்திருக்கலாம், அளந்து முடித்ததும் வெயில் என்று வண்டியிலேயே உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். விசாரணையில் கேட்பார்கள், இதையேதான் சொல்லப் போகிறேன்.