காப்பி குடிச்சாரா

துடியலூரில் என் வீடியோ கடைக்கு எல்லோரும் புதுப்படம் கேட்டு வருவார்கள். சென்னியப்பக் கவுண்டர் மட்டும் தன் சொந்தக் கேசட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார். "ஏனுங்க கையூம் பாய், சித்த போட்டு உடுங்க" என்பார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்தக் கேசட் இருக்கிறதே!

அதில் இருந்தது அவர் மனைவி பாவாத்தாளுக்கு நடந்த ஆபரேஷன். தொண்ணூற்றைந்தில் அந்தம்மாவின் இரைப்பையில் ஒரு கட்டி. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சின்னச் சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியைப் பார்த்தபடியே கட்டியை எடுத்தார்கள். கோயமுத்தூரில் அப்போது அது புதுசு. வெளியூர் டாக்டர்கள் பக்கத்து ஹாலில் உட்கார்ந்து பார்க்க மைக் எல்லாம் வைத்துப் படம் பிடித்து, கவுண்டருக்கும் ஒரு கேசட் கொடுத்தார்கள். பத்து நாளில் அந்தம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டினார். தழும்பைத் தேடிப் பார்த்த பெண்கள், "இதென்ன ஆப்ரேசனுங்க, கொசு கடிச்சாப்பல?" என்று கேலி பேசினார்கள். இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒரு காலையில் மாரடைப்பு வந்து, பொசுக்கென்று போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கவுண்டர் கேசட்டோடு வர ஆரம்பித்தார். நான் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். ஈரலையும் இரைப்பையையும் யார் பார்ப்பது? கொஞ்ச நேரத்தில் அவரே போதும் என்று எழுந்துவிடுவார். ஒருநாள் நான் வெடித்துவிட்டேன். "கவுண்டரே, குடலைப் பாத்து என்னங்க பண்றீங்க? போட்டோவ வெச்சுக் கும்புடுங்க!"

"போட்டோ ஏதுங்க பாய்? கேமராவக் கண்டா முந்தானைல மூஞ்சிய மூடிக்குவா" என்றார். "நீங்களும் உள்ள வந்து பாருங்க. கோடு கோடா வருது, பயமா இருக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் கேமராவைச் சரிபார்த்திருக்கிறார்கள். கூரை, பெரிய விளக்கு, பிறகு சட்டென்று ஒரு முகம். மூடிக்கொள்ள முந்தானை இல்லாமல் பாவாத்தாள் படுத்திருந்தார். "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு வெளீல உக்காந்திருக்காரு. காப்பி குடிச்சாரான்னு ஆராச்சும் கேளுங்களே. கேக்காட்டி குடிக்கமாட்டாருங்க." யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், அடுத்தது வயிற்றுக்குள்.

"அன்னிக்கு ஆரும் வந்து கேக்கலீங்க" என்றார் கவுண்டர். "அவளும் ஒரு வார்த்தை சொல்லல. அவ இருக்கயில இதப் போட்டும் பாக்கலீங்க பாய். போனப்பறந்தான் தெரியும்."

ஓட்டி ஓட்டி அந்த இடத்தில் டேப் தேய்ந்துபோயிருந்தது. வேறு கேசட்டில் பதிந்து தருகிறேன், ஆனால் இன்னொரு தடவை தாங்குமா தெரியாது என்றேன். கவுண்டர், "சித்த இருங்க, வாரேன்" என்று எதிர்த்த பேக்கரிக்குப் போனார். மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் நின்றார். "ம், போடுங்க."

படம் ஓட்டுகிற டெக், பதிகிற டெக் இரண்டையும் ஓடவிட்டேன். முகம் வரவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக்கோடுகள். டப்பாவைத் தட்டினேன், பொத்தான்களை அழுத்தினேன், ம்ஹூம். குரல் மட்டும் பிசிறில்லாமல் வந்தது.

"...காப்பி குடிச்சாரான்னு ஆராச்சும் கேளுங்களே."

கவுண்டர் டிவி பக்கம் குனிந்தார்.

"குடிச்சுப்போட்டேன் அம்மணி. இப்பத்தான் குடிச்சுப்போட்டு வாரேன்."